சிப்ஸ் பாக்கெட்டில் பழைய தேதி

ஜூன் 20, சனி

துரை, இன்று நல்ல சாரல். மெயின் அருவியில் கூட்டம். மாசியில் நீங்கள் கண்மூடிய பிறகு, கடை திறந்த முதல் நாள்.

நேந்திரங்காய் 3 தார். எண்ணெய் 1 டின். லேபிள் அடித்தது உங்கள் பழைய கம்ப்யூட்டரில்தான். நீங்கள் காட்டித்தந்த அந்த ஒரே பட்டன்.

மத்தியானம் மதுரைக்காரர் ஒருவர் பாக்கெட்டோடு திரும்பி வந்தார். பேக்கிங் தேதி 1-1-2009. "என்னக்கா, இந்தச் சிப்ஸு ப்ளஸ் டூ முடிச்சிருக்குமே." நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் வாங்காமலே போனார்கள். மிச்சப் பாக்கெட்டில் பேனாவால் அடித்து எழுதினேன்.

உங்கள் தம்பி சொன்னது: "இந்தக் கம்ப்யூட்டரக் காயலாங்கடைல போட்ருவோம் மதினி. திங்கக்கெழம ஆள வரச் சொல்லுதேன்."

ஜூன் 21, ஞாயிறு

எண்ணெய் பட்டுக் கை சுட்டது. மஞ்சள் வைத்தேன்.

தென்காசி கம்ப்யூட்டர் கடைக்குப் போன். அங்கே ஒரு பெண். உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டாம், அது தீர்ந்தால் மெயினை அணைத்ததும் தேதி பழையதுக்குப் போய்விடுமாம். "அண்ணாச்சி தெனமும் கையாலதான் தேதி போட்டுருப்பாவ" என்றாள்.

ஓகோ. கடை திறந்ததும் கேட்பீர்களே, "ஏட்டி, இன்னைக்கு என்ன தேதி?" அடுப்படியில் காலண்டர் தாளைக் கிழித்து நான் சத்தம் போட்டுச் சொல்வேன். தேதி தெரியாத மனுசன் என்று எத்தனை நாள் ஏசியிருக்கிறேன்.

ஜூன் 22, திங்கள்

காயலாங்கடை ஆள் வருமுன் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டேன். வயரைப் பிடுங்கி, நாலு திருகு. உள்ளே ஒரே எண்ணெய்த் தூசி. வயருக்கு அடியில் பேட்டரி. பக்கத்துக் கொக்கியை அமுக்கினால் துள்ளி வருகிறது. நம்பர் 2032.

திருப்புளியை உங்கள் மேசை டிராயரில் திருப்பி வைக்கும்போது பார்த்தேன். மூலையில் அதே 2032. கவர் பிரிக்கவில்லை. கூடவே பில்.

எழுத்து மேலே இருக்கும்படி மாட்டினேன். அந்தப் பெண் போனில் சொல்லச் சொல்லத் தேதி போட்டேன். வந்த ஆளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். தம்பிக்கு முகம் சரியில்லை.

ஜூன் 23, செவ்வாய்

வெயில். மெயினைப் போட்டேன். காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டர் தானாகவே 23 என்றது.

பில்லில் போன ஆடி மாசம். பத்து நிமிஷ வேலை. வாங்கி வைத்துவிட்டு ஏன் நீங்கள் மாட்டவில்லை, துரை?