கிரான் வட்டையில் கடல்

நேற்று கிரானுக்கு அப்பால் ஒரு வட்டையில், வயல் வரம்பில் நின்று கைபேசியைத் திறந்தேன். சுற்றிலும் கதிர் வந்த நெல். கடலின் இரைச்சலும் இல்லை, வாடையும் இல்லை. ஆனாலும் திரையில் நீ எழுதிவைத்த வசனம் வந்தது: "கடல் கொஞ்சம் கிட்ட." வயற்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மனே, உன்ட போன் வெறியில நிக்கிதோ?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். பிறகு அந்த வரம்பிலேயே குந்திவிட்டேன். நீ போன பிறகு எல்லாவற்றுக்கும் சீக்கிரம் களைத்துப்போகிறேன், மச்சான்.

வந்தாறுமூலையில் ஒரே அறையில் இருந்து நாம் செய்த வேலையை இப்போது சொன்னால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆள் நிற்கும் இடத்தை அறிந்து, ஆஸ்பத்திரி, சந்தை, கடல் எல்லாம் கிட்டவா தூரமா என்று சனங்கள் கதைக்கிற மாதிரியே கைபேசி சொல்லவேண்டும். "கிட்ட எண்டது வேலி போட்ட காணி இல்ல, மெல்ல மெல்லத் தேயிற சாமான்" என்பாய். காலடியில் இருந்தால் ஒன்று, தூரமென்றால் பூச்சியம், நடுவில் தசமங்கள். முதல் தடவை பரீட்சித்துப் பார்த்தபோது, படுவான்கரையில் ஒரு அம்மாவுக்கு வாவிக்கு அக்கரையில் நேர் எதிரே இருந்த ஆஸ்பத்திரியைக் கிட்ட என்று காட்டிவிட்டோம். "நீந்தியா தம்பி போறது?" என்றார். தோணித்துறையையும் சோதனைச்சாவடியையும் கணக்கில் சேர்க்க மறந்திருந்தோம். வழியெல்லாம் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். மச்சாள் போன பிறகு நீ அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நீயும் மச்சாளும் கலியாணம் முடித்துக் கல்லடியில் குடிபுகுந்த நாளில் சாமான் இறக்க நானும் வந்திருந்தேன். "கடல் இரையிறது கேக்குதே" என்று மச்சாள் வாசலில் நின்றுவிட்டாள். "கேக்கும். ஆனா தூரம்" என்றாய். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிறு காலை நீ செங்கலடிச் சந்தையில் நின்றாய். அவள் வீட்டில் இருந்தாள்.

யுத்தம் முடிந்து சாவடிகளை எடுத்தபோது, எட்டாமல் கிடந்த ஊர்களெல்லாம் கிட்டவாயின. எண்களை நீதான் ஒவ்வொன்றாக மாற்றினாய். கடலுக்கு வந்ததும் உன் கை நின்றது. எவ்வளவு உள்ளுக்குப் போனாலும் கடலின் எண் மட்டும் பூச்சியத்துக்கு இறங்காதபடி எழுதினாய்.

"இது பிழையெல்லோ?" என்றேன்.

"ஓம், பிழைதான். ஆனா இனி ஒருத்தருக்கும் கடல் தூரம் எண்டு நான் சொல்லமாட்டன்."



நெஞ்சுவலி வந்து நீயும் போய்விட்டாய். இப்போது புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கடலுக்கு நீ எழுதிய அந்த வரியைத் திருத்தித் தாருங்கள் என்று ஓயாமல் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். நேற்றுக் கிரானுக்குப் போனதே, நேரில் பார்த்துவிட்டு வந்து திருத்தலாம் என்றுதான். இன்று காலை வரியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பிறகு அப்படியே மூடிவிட்டேன். எனக்குப் பிறகு யாராவது திருத்திக்கொள்ளட்டும்.

பின்னேரம் மகள் அழைத்தாள். கல்லடியில் அவளுக்கும் மருமகனுக்கும் ஒரு வீடு பிடித்திருக்கிறதாம். முற்றம் பெரிது, கிணற்றுத் தண்ணீர் நல்லது என்றெல்லாம் சந்தோஷமாகச் சொன்னாள். கடைசியில்,

"கடல் தூரந்தானேப்பா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கிட்ட, மகள்" என்றேன்.