வர்ற பாதி அம்மாவிடம்

மதினி,

உங்கள் கடைசி மகள் வினோ நேற்றிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்து என் உயிரை வாங்குகிறாள். நாலு நாள் சிங்கப்பூர் போகிறாளாம், கூட வேலை செய்கிறவர்களோடு. இன்னும் பெட்டி கூடக் கட்டவில்லை, அதற்குள் அந்த ஊருக்குள் ஓடுகிற ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டிக்கெட் பார்க்கிறாள். ஒரு நாள் பாஸ் நல்லதா, மூணு நாள் பாஸ் நல்லதா, இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டுகிற அட்டை ஒன்று இருக்கிறதாம், அது நல்லதா? "அத்தை, ஒரு முடிவு சொல்லுங்க"ன்னு கேட்டாள். நான் அடுப்படியிலிருந்தே, "போக வர எடுடி!"ன்னு சத்தம் போட்டேன்.

"ஐயோ அத்தை, இது சிட்டிக்குள்ள சுத்துறதுக்கு. இதுல போக வரன்னு ஒண்ணும் கிடையாது" என்றாள்.

மெட்ராஸ் பஸ் கண்டக்டர் உங்களிடம் சொன்ன அதே பேச்சு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பாருங்கள், அடக்க முடியவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அத்தைக்கு என்ன ஆச்சென்று உங்கள் மகள் எழுந்து ஓடி வந்தாள். உங்களைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீட்டுக்கு, வந்து ஒரு வருஷம் ஆகியிருக்குமா? தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். எங்கள் அக்காவும் அத்தானும் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட குடும்பம், முன்பே போய்விட்டார்கள். அப்பா இங்கேயே பிரஜாவுரிமை கேட்டு வாங்கியதால் நாங்கள் இருந்துவிட்டோம். அக்கா போன அன்றைக்கு ஹட்டன் ஸ்டேஷனில் அம்மா ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அண்ணன்தான் விரலைப் பிரித்து எடுத்தது. அதற்குப் பிறகு 'இந்தியா' என்று யார் சொன்னாலும் அம்மா எழுந்து வெளியே போய்விடும். எங்கள் தோட்டத்திலிருந்து கப்பலேறிப் போன ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. போனால் போனதுதான் என்றே எல்லாரும் பழகியிருந்தோம்.

அப்போதுதான் அக்கா எழுதியிருந்தது, மெட்ராஸில் வீடு எடுத்துவிட்டோம், யாராவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று. நான் ஒரே பிடியாக நின்றேன். அம்மா உலை கொதிப்பதை விட்டுவிட்டு வந்து, "ஒருத்தியக் குடுத்தது பத்தாதா? இவளையும் அங்க அனுப்பிட்டு நான் ஒத்தையில கொழுந்து பறிக்கவா?" என்று அழுதது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் எப்பவும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள்தான் அம்மா பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டீர்கள். "மாமி, நானும் கூடப் போறேன். போற டிக்கெட்டு மட்டும் எடுத்தாத்தான் மாமி பயம். நாங்க போக வர எடுத்துக்கிறோம். ஹட்டன்ல இருந்து தலைமன்னாருக்கு, தலைமன்னார்ல இருந்து ஹட்டனுக்கு. வர்ற டிக்கெட்டு கையில இருக்கிறவ எப்படி மாமி வராம போவா?"

அம்மா மூக்கைச் சிந்திவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்த்தது. "அப்ப அந்த வர்ற டிக்கெட்ட எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. எங்கிட்ட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

நான் வாயைத் திறக்கப் போனேன். நீங்கள் என் தொடையில் கிள்ளினீர்கள். "சரி மாமி, குடுத்துட்டுத்தான் போவோம்" என்றீர்கள். அந்தக் கிள்ளு வலி மெட்ராஸ் வரைக்கும் இருந்தது.

நாங்கள் இந்தியா போகிறோம் என்ற பேச்சு லயத்தில் கிளம்பியதுதான் தாமதம். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த செல்லம்மாக்கா வந்து நம் வாசலில் கிடந்த ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. "நீங்க போறப்ப இத எனக்கே குடுத்துட்டுப் போ புள்ள, வேற யாருக்கும் சொல்லிறாத" என்றது. நீங்கள் அசரவில்லை. "எடுத்துட்டுப் போங்கக்கா, நல்லா ஆட்டுங்க. நாங்க வந்ததும் தோசைக்கு மாவோட திருப்பிக் குடுத்துருங்க" என்றீர்கள். செல்லம்மாக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! உங்கள் கோழிக்குக்கூட இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஹட்டன் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்ததை மறக்க முடியுமா? தலைமன்னார் என்றதும் உள்ளே இருந்தவர் போகிற டிக்கெட்டையே கையில் எடுத்துவிட்டார். எங்களைப் போல ஆட்கள் தலைமன்னாருக்கு வேறு எதற்கு டிக்கெட் எடுப்பார்கள்? நீங்கள் கினிகத்தேனைப் பக்கம் சிங்கள ஆட்களோடு வளர்ந்தவர், உங்களுக்கா பாஷை வராது? ஜன்னலுக்குள் தலையைவிட்டு, "யன்ன என்ன தெகட்டம!" என்றீர்கள். போகவும் வரவும் இரண்டுக்கும்! அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு உங்களை நன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வேறு பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார்.

அந்த இரண்டு அட்டை டிக்கெட்டையும் நீங்கள் அங்கேயே நடுவில் கிழித்தீர்கள். போகிற பாதி உங்கள் சட்டைக்குள். வருகிற பாதி இரண்டும் அம்மாவின் வெற்றிலைப் பைக்குள். பிளாட்பாரத்தில் லயத்துச் சனம் முழுக்க வந்து நின்றது, யாரோ செத்தது போல ஒப்பாரி. நீங்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏன்டி அழுறீங்க, பத்து நாளுல வந்துருவோம்டி!" என்று கத்தினீர்கள். ஒருவரும் நம்பவில்லை. இன்னும் சத்தமாக அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை. வெற்றிலைப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது.

பொல்கஹவெலையில் இறங்கி மாறிய பிறகு டிக்கெட் பரிசோதகர் வந்தார். கிழிந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அனித் கெல்ல கோ?" என்றார். மற்றத் துண்டு எங்கே என்று கேட்கிறார். நீங்கள் பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா லங்க" என்றீர்கள். அம்மாவிடம் இருக்கிறதாம்! அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு நீங்கள் நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னீர்கள். பெட்டி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மெட்ராஸ் வந்ததும் உங்களுக்குப் போக வரப் பைத்தியம் பிடித்துவிட்டது. டவுன் பஸ்ஸில் ஏறி, "கடற்கரைக்குப் போக வர ரெண்டு" என்றீர்கள். கண்டக்டர் பின்னால் இருந்தவர்களிடம், "எந்த ஊருய்யா இது? பஸ்ல போக வரன்னு ஒண்ணும் கிடையாதும்மா, போறதுக்கு எடு, வர்றத அப்பறம் பாத்துக்க" என்றார். "அப்பறம் பாத்துக்கன்னு சொன்னா எப்படிங்க? எங்க மாமிக்கு யாரு பதில் சொல்றது?" என்று நீங்கள் அவரோடு மல்லுக்கு நின்றீர்கள். அக்கா வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. ஆனால் சைதாப்பேட்டையில் மின்சார ரயிலுக்குப் போக வர டிக்கெட் கொடுத்தார்களே, அன்றைக்கு உங்களைப் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா புள்ள, இவுங்க வெவரமானவுங்க!" அதற்குப் பிறகு எங்கே போனாலும் ரயில்தான். உயிர் காலேஜ், செத்த காலேஜ் என்று அங்கே சொல்கிற மிருகக்காட்சி சாலை, மியூசியம் இரண்டையும் பார்க்கக் கால் தேய நடந்தோமே தவிர, பஸ் ஏற மாட்டேன் என்றுவிட்டீர்கள். எனக்கு மெட்ராஸில் இருந்த நாலு நாளும் திருவிழாதான் மதினி. அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அக்கா மெல்ல ஆரம்பித்தது. அத்தானுக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை இருக்கிறதாம். நான் பள்ளிக்கூடச் சோதனை பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள். "அங்க போயி என்னடி செய்யப் போற? இங்கேயே எங்கூட இருந்திரு. பாஸ்போட்டு, அது இதெல்லாம் பொறகு பாத்துக்கலாம்." உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இருக்கத்தான் ஆசை வந்தது. அக்காவை விட்டுவிட்டு வரவும் மனசில்லை. உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "மதினி, நீங்க முன்னாடி போங்க. என் டிக்கெட்ட வச்சிருங்க, நான் கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன்" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. துணியை மடித்துக்கொண்டே, "உன் டிக்கெட்டு எங்கிட்ட எங்க புள்ள இருக்கு? மாமி பையில இருக்கு. தெனமும் வெத்தில எடுக்கிறப்ப அத எடுத்துப் பாக்கும். நீ எப்ப வந்தாலும் அதுகிட்டதான் போயிக் கேக்கணும்" என்றீர்கள்.

அவ்வளவுதான். நான் போய் என் பெட்டியைக் கட்டினேன்.

எழும்பூரில் அக்கா எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழுதது. நீங்கள் அதன் கையில் நாங்கள் போய்வந்த மின்சார ரயில் டிக்கெட் ஒன்றைத் திணித்து, "இந்த மாதிரி ஒண்ண எடுத்துட்டு அங்க வந்துருங்க" என்றீர்கள். அழுகையிலும் அக்கா சிரித்துவிட்டது.

கப்பலில் தலைமன்னார் வந்து இறங்கித்தான் நான் கேட்டேன், "மதினி, இப்ப ஹட்டனுக்கு எப்படிப் போறது? டிக்கெட்டு அம்மாகிட்டல்ல இருக்கு?" நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "எடு புள்ள, வேற எடுப்போம். அது நமக்கா எடுத்தோம்? மாமிக்குல்ல எடுத்தோம்!"

ஹட்டனில் இறங்கினால், வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா. கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டின படங்கும் சாக்கும் அவிழ்க்காமல் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் அண்ணன். நாம் புறப்பட்ட அன்றைக்கு இரவே அண்ணன் திருவாயைத் திறந்து கேட்டிருக்கிறது, "ஏம்மா, டிக்கெட்ட நீ வச்சுக்கிட்டா அவுங்க எதுலம்மா ஏறி வருவாங்க?" அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. நெஞ்சில் அடித்துக்கொண்டதாம். "நானே எம்புள்ளைய அங்க நிறுத்திட்டேனே!" அன்றிலிருந்து தினமும் வேலை விட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடி வந்து, டிக்கெட் வாங்குகிற மனிதரிடம் இரண்டு துண்டையும் நீட்டி, "என் புள்ளைக வந்தா விட்டுருங்க, டிக்கெட்டு இந்தா இருக்கு" என்று தமிழிலேயே கெஞ்சியிருக்கிறது. அவருக்கு நம் கதை மனப்பாடம் ஆகிவிட்டது.

நாம் புது டிக்கெட்டை அவர் கையில் கொடுத்தோம். அம்மா அதைப் பார்க்கவே இல்லை, நம்மை முந்திக்கொண்டு தன் துண்டுகளை அவரிடம் நீட்டியது. அவர் அம்மாவின் கையை மூடி, "தபாகன்ன அம்மே" என்றார். நீயே வைத்துக்கொள் அம்மா என்று. அதற்குப் பிறகுதான் அம்மா என்னைத் தொட்டுப் பார்த்தது. முகம், கை, தலைமயிர், எல்லாம். அடுத்தது உங்களை. "வந்துட்டீங்களாடி, வந்துட்டீங்களாடி" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. செல்லம்மாக்கா அன்றைக்கு ராத்திரியே ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தது, மாவில்லாமல்.

கொஞ்ச காலத்தில் கப்பலே நின்றுபோனது. அக்கா வந்ததில்லை. எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வேலை கிடைத்தது. அம்மா சாகும்போது அந்த இரண்டு துண்டும் உங்கள் கைக்கு வந்தது. பிள்ளைகள் சேட்டை செய்தால் எடுத்துக் காட்டி, "உங்க அத்தைய மெட்ராஸ்லேருந்து பிடிச்சு இழுத்துட்டு வந்தது இதுதான்"ன்னு சொல்வீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இப்போது என்னிடம் இருக்கிறது. மங்கிப்போன சின்ன அட்டை, 'ஹட்டன்' என்ற எழுத்து மட்டும் தெரிகிறது.

இந்தக் கடிதத்தை விட்டு விட்டு எழுதிச் சில நாள் ஆகிவிட்டது, வினோ கடைசியில் மூணு நாள் பாஸ் எடுத்துவிட்டாள். எடுக்கட்டும். ஆனால் விமான டிக்கெட் அவள் போனில்தான் இருக்கிறது என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. "வர்ற டிக்கெட்ட எனக்கு அனுப்பி வச்சுட்டுப் போ" என்றேன். "எதுக்கு அத்தை? உங்ககிட்ட இருந்து என்ன பிரயோசனம்?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அனுப்பினாள். உங்கள் மகள்தானே.

இன்று காலை அவளை ஏற்றிவிட்டு வந்து, அந்தத் துண்டுகளை வைத்திருக்கிற பெட்டியைத் திறந்தேன். என்னுடைய பாதியும் உங்களுடைய பாதியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் பிரிக்கவில்லை. உங்களுடையது இன்னும் ஸ்டேஷனில் கொடுக்காமல்தான் இருக்கிறது மதினி. எப்போது வந்தாலும் என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும்.