ஈஸ்டர் முடிந்தும் நோன்பு

வியாழன், இரவு.

தவக்காலம் முழுக்க பேத்தி ரோஸி ராத்திரிச் சாப்பாட்டை விட்டு நோன்பிருக்கிறாள் என்று கோயிலில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். இன்று அவள் தங்கிப் படிக்கும் விஜயநகர் பிஜிக்கு முறுக்கு கொண்டுபோனேன். பிஜி நடத்தும் கன்னடக்கார அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அஜ்ஜி, உங்க ஈஸ்டர் முடிஞ்சே போச்சே, பேத்திக்கு இன்னுமா உபவாசம்? ராத்திரி ஊட்டா வேண்டாம்னு வாடகையில குறைச்சுக்கிட்டாளே!"

நேரே உள்ளே போனேன். ரோஸியைக் கேட்டேன்.

"ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு, எல்லாத்துக்கும் காசு வேணும்ல பாட்டி? மத்தியானம் நல்லாத்தான் சாப்பிடுறேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

அவளைச் சேர்த்த அன்று அவள் அப்பன் சொன்னான், "ஃபீஸ் நான் கட்டுறேன், மத்ததை அவளே பாத்துக்கட்டும்" என்று. அந்த வார்த்தையைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

போன மாதம் காலேஜில் மயங்கி விழுந்தாளே, வெயில் என்றாள். நானும் இளநீர் குடி என்றேன்.

முறுக்கு டப்பா காலியாகும்வரை அவள் தலை நிமிரவில்லை.

கையிலிருந்த பணத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கென்று அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நாளையிலிருந்துதான் சாப்பாடு போடுவாளாம். இது மற்றப் பெண்கள் சாப்பிட உட்காரும் நேரம். இவள் இப்போது எங்கே போய் உட்கார்ந்திருப்பாளோ.