காரில் இருந்த துபாய் நேரம்

கார்த்திகை 12, வியாழன் இரவு

காரின் ரேடியோ டிஸ்ப்ளே மாதக்கணக்காகப் பாதி எழுத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. இன்று தச்சநல்லூரில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

“இதக் கழத்திப் போட்டுட்டுப் பெரிய டச் ஸ்கிரீன் மாட்டிருவோம்மா. படமே பாக்கலாம்.”

“படம் பாத்துக்கிட்டே ஓட்டி எங்க போயி முட்டச் சொல்லுதீங்க அண்ணாச்சி? இதையே சரிபண்ணுங்க.”

சிரித்துக்கொண்டே கழற்றினார். உள்ளே விட்டுப்போயிருந்த வயரைப் பற்றவைத்தார். எண்கள் முழுசாக எரிந்தன. “மணி ஒன்றர மணி நேரம் பின்னால ஓடுச்சும்மா. அதையும் சரியாக்கிட்டேன்” என்றார் பெருமையாக.

அது தப்பாக ஓடவில்லை. துபாய் நேரம். வாப்பா ஒரு விடுமுறையில் வந்தபோது வைத்துவிட்டுப் போனது. பேட்டரி மாற்றும்போதெல்லாம் உம்மா மறுபடி அப்படியே வைப்பாள். கல்லூரிக்கு ஓட்டிப் போகும்போது அதைப் பார்த்து, வாப்பா இப்போது எழுந்திருப்பார், இப்போது கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

வாப்பா வேலையை விட்டு ஊருக்கே வந்து நான்கு மாதம் ஆகிறது.

சாயங்காலம் வாசலில் காரை நிறுத்திவிட்டு, பழைய நேரத்துக்கே திருப்பி வைக்கப் போனேன். வாப்பா பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

“இருக்கட்டும்மா. நாந்தான் இங்கன இருக்கேன்லா.”

இருக்கிறார். அடுத்த அறையில் குறட்டை கேட்கிறது. இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தோம். ஆனாலும் நாளைக் காலை நான் பார்க்கப்போவது வெறும் மணிதான். இதை வாப்பாவிடம் எப்படிச் சொல்வேன்?