உருளைக்கிழங்குப் பூண்டு

பிப். 5, திங்கள்

காலையில் நல்ல குளிர். ஔந்த் மார்க்கெட். வாங்க வேண்டியது: பால், டயப்பர், எலுமிச்சை, பூண்டு. பூண்டு கிலோ நானூறு! போன மாதம் இதில் பாதி. காய்க்கார மௌஷி மராட்டியில் அலுத்துக்கொண்டாள்: "காய் கரூ, பாவு? பாவ்ஸாத் கேலா." என்ன செய்ய, பயிர் மழையில் போய்விட்டதாம். கால் கிலோவோடு திரும்பினேன்.

ரம்யாவுக்குப் பிரசவமாகிப் பதினைந்து நாள். அத்தை மேட்டுப்பாளையத்தில் காலில் மாவுக்கட்டோடு படுக்கை, மகளைப் பார்க்க வர முடியவில்லை. பத்தியச் சமையல் என் தலையில். போனில் உத்தரவு மட்டும் தினமும்: "மாப்ளை, கொழம்புல இருவது பல்லு போடோணுமுங்க. கொறைச்சீங்கன்னா பால் ஊறாது."

இருபதாம் இருபது.

பிப். 6, செவ்வாய்

குழம்பில் பூண்டு எட்டுப் பல். மீதிக்கு உருளைக்கிழங்கைப் பூண்டு மாதிரியே சீவிப் போட்டேன், முனையெல்லாம் கூராக. புளியில் வெந்தபின் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. ரம்யா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சண்டை. வெளிநாட்டுப் பூண்டை உள்ளே விட்டால் விலை தானாக இறங்கும் என்கிறார் மூன்றாம் மாடிக்காரர். சீனப் பூண்டில் பூஞ்சை வரும், அதனால்தானே தடை, விட்டால் எங்கள் ஊரில் பூண்டு போட்டவன் என்ன ஆவான் என்கிறார் நாசிக் ஊர்க்காரர். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. என் குழம்புக்கு யாரும் வழி சொல்லவில்லை.

பிப். 7, புதன்

மறுபடி எட்டு. ஆபீஸ் மீட்டிங் நடுவில் உருளைக்கிழங்கு சீவல். கேமரா அணைத்துவிட்டு.

பிப். 8, வியாழன்

டாக்டர். பாப்பா எடை 2.840. பிறந்தபோது 2.900! திங்கட்கிழமைக்குள் ஏறாவிட்டால் பவுடர் பால் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். பிள்ளையைப் பிடித்துப் பால் கொடுக்கும் விதம் சரியில்லை என்று நர்ஸ் ரம்யாவுக்கு ஏதோ செய்து காட்டினாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. எட்டுப் பல், எட்டுப் பல் என்றே ஓடியது.

ஆட்டோவில் ரம்யா அழுதாள். "எனக்குத்தாங்க பால் பத்தலை." சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெற்ற பிள்ளையிடமா கஞ்சத்தனம்? சீ.

பிப். 9, வெள்ளி

வேலையாகப் பிம்ப்ரி. தள்ளுவண்டியில் பருத்த வெள்ளைப் பூண்டு, பாதி விலை! ஒரு கிலோ அள்ளி வந்தேன். வீடியோ காலில் அத்தைக்குப் பெருமையாகக் காட்டினேன்.

"அய்யய்யோ, அதக் கீழ வைங்க. அடியில பாருங்க, வேரே இல்லாம மழிச்சாப்பல இருக்குது. சீனாக்காரன் சரக்குங்க அது!"

மேட்டுப்பாளையத்துப் பூண்டு மண்டிக்குப் பின்தெருவில் குடியிருப்பவர். சொன்னால் அப்பீல் கிடையாது. தடை போட்ட சரக்கு எந்த வழியாக வந்ததோ! அப்படியே குப்பைக்கு. அடித்துப் பிடித்து மௌஷியிடம் ஓடினேன். அரைக் கிலோ, பேரம் பேசவில்லை. அவளே பயந்து கொத்தமல்லி ஒரு கட்டுச் சும்மா போட்டாள்.

குழம்பில் இருபத்தைந்து பல்.

பிப். 11, ஞாயிறு

இன்றும் இருபத்தைந்து. வீடே நாறுகிறது. நர்ஸ் காட்டிய மாதிரி தலையணை வைத்துத்தான் ரம்யா பால் கொடுக்கிறாள். பாப்பா நன்றாகத் தூங்குகிறது. நான்தான் தூங்கவில்லை.

பிப். 12, திங்கள்

2.970!!

நர்ஸ் எண்ணைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா. பவுடர் பால் வேண்டாம். பிள்ளையைச் சரியாகப் பிடிக்கிறாள், அதுதான் விஷயம் என்றார் டாக்டர். பூண்டைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். பிடித்தால் சாப்பிடட்டுமாம்.

திரும்பும்போது மௌஷி கடை. புதுப் பூண்டு வர ஆரம்பித்துவிட்டது, முந்நூறு.

வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. "ரம்யா, போன வாரம் ரெண்டு நாள் கொழம்புல..."

"உருளைக்கெழங்குதானுங்க? மொத நாளே தெரியும்."

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல?"

"ஒவ்வொண்ணையும் உத்து உத்துப் பார்த்துச் சீவிட்டிருந்தீங்க. கேக்க மனசு வரலை." பாப்பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அம்மாகிட்ட மூச்சு விட்றாதீங்க. நாளைக்குக் கொஞ்சம் சேர்த்தே போடுங்க. பூண்டை விட அதுதான் நல்லாருந்துச்சு."

உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.