மஞ்சள் கோடு போட்ட ஏழு குருணைகள்

அனுப்புநர்:
கலவை இயந்திர ஊழியர், முதல் ஷிப்ட்,
பிளாஸ்டிக் குருணைத் தொழிற்சாலை.

பெறுநர்:
மாசு கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
கடலோரப் பிரிவு.

பொருள்: எங்கள் தொழிற்சாலைக் குருணை மீன் வயிற்றில் கிடைத்தது – ஆதாரம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: என் அக்காவின் மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் தொழிற்சாலை தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கடலில் பிளாஸ்டிக் கொட்டுகிறது. கொட்டுபவர்களில் நானும் ஒருவன்.

1. குடம், வாளி, பை எல்லாவற்றுக்கும் மூலப்பொருளான மிளகளவு பிளாஸ்டிக் குருணையை நாங்கள் தயாரிக்கிறோம். ஷிப்ட் மாறும்போது தரையில் ஒரு மணிகூடக் கிடக்கக் கூடாது. சுத்தமான தரை வைத்திருக்கும் குழுவுக்கு மாதாமாதம் பரிசுக் கோப்பை உண்டு. கூட்டி அள்ள நேரமாகும் என்பதால் தண்ணீர் ஹோஸைத் திறந்துவிடுகிறோம். சிந்தியதெல்லாம் வாய்க்கால் வழியே கடலுக்குப் போகிறது. மூன்று மாதமாகக் கோப்பை எங்கள் குழுவிடம்தான் இருக்கிறது.

2. என் அக்கா துறைமுகத்து மீன் பதப்படுத்தும் கூடத்தில் மீன் அறுக்கிறார். அங்கிருந்து போன பெட்டிகள், உள்ளே குருணை கிடந்ததால் திரும்பி வந்தன. அறுப்பவர்களின் அலட்சியம் என்று இரண்டு பெண்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அக்காவுக்குக் கடைசி எச்சரிக்கை. வரும் திங்கட்கிழமை விசாரணை. குருணை மீன் வயிற்றிலேயே வருகிறது என்று அவர் தங்களுக்கு மனு கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று உறுதிசெய்ய இயலாது என இரண்டு வரியில் பதில் வந்தது.

3. இப்போது இயலும் ஐயா. அதைச் சொல்லத்தான் இந்த அவசரம். கையெழுத்து தாறுமாறாக ஓடுவதைப் பொறுத்தருளவும்.

4. பிப்ரவரி ஐந்தாம் தேதி நான் ஒரு தப்பு செய்தேன். மஞ்சள் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் ஊதாச் சாயத்தைத் திறந்துவிட்டேன். வந்து விழுந்த குருணை ஒவ்வொன்றும் ஊதா. நடுவில் மயிரிழை போல ஒரு மஞ்சள் கோடு. கெட்ட சரக்கைப் பதிவேட்டில் எழுதி மறுபடி உருக்க வேண்டும் என்பது விதி. எழுதினால் கோப்பை போய்விடும். மேற்பார்வையாளர் என் தோளில் தட்டி, "கடலு என்ன கேள்வியா கேக்கப் போவுது? தண்ணிய அடிச்சு விடுடா" என்றார். இரண்டு மூட்டை. அடித்துவிட்டேன்.

5. நேற்று அக்கா ஒரு மாத்திரை டப்பாவை என் முன்னால் கவிழ்த்தார். ஏழு குருணை. ஊதா. நடுவில் மஞ்சள் கோடு. அவர் கையால் அறுத்த மீன்களின் வயிற்றிலிருந்து எடுத்தவை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்திவிட்டேன். "என்னடா, உங்க கம்பெனி மீனுக்கும் சாப்பாடு போடுதா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். குருணைகளை அள்ளி டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்து, "அப்ப எனக்கு வந்த எச்சரிக்கையில உன் பங்கும் இருக்கு. உக்காந்து எழுது" என்றார்.

6. இந்த நிறத்தை எவனும் தெரிந்து தயாரிக்க மாட்டான். இது என் பிழை. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மீனில் இருந்த ஏழு குருணையையும், என் சீருடைப் பையின் தையலில் சிக்கியிருந்த இரண்டையும் தனித்தனி உறையில் இணைத்திருக்கிறேன். கலந்துவிட்டால் பிரிக்க என்னாலேயே முடியாது.

7. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று ஐம்பதுக்கு வாருங்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டு வராதீர்கள். சென்ற முறை தங்கள் அலுவலகம் சொல்லிவிட்டு வந்த அன்று மட்டும் நாங்கள் துடைப்பத்தால் கூட்டினோம். வாய்க்கால் வாயில் சல்லடை போட உத்தரவிடுங்கள். குருணை எங்கள் தொழிற்சாலையுடையது என்று திங்கட்கிழமைக்குள் மீன் கூடத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நிறுத்தப்பட்ட இரண்டு பெண்களின் பெயரும் அதில் இருக்கட்டும். என் வேலை போகும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

இந்த முறை இரண்டு வரி வேண்டாம் ஐயா. வருகிறீர்களா, இல்லையா? ஒரே சொல் போதும்.

இடம்: அக்காவின் வீடு
தேதி: மார்ச் 10, செவ்வாய்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கலவை இயந்திர ஊழியர்

இணைப்பு: உறைகள் இரண்டு.