முன்னால் தூக்கிய கால்

அன்புள்ள டெய்சிக்கு,

நான் சுகம். நீ சுகந்தானே? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு. அறையில் உட்காரவே முடிவதில்லை, கால் துறுதுறுவென்கிறது. விடிந்ததும் புது சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறிவிடுகிறேன். ஏறும்போது ஏன்தான் வந்தோமோ என்றிருக்கிறது. இறங்கியதும் மறுபடி ஏறலாமா என்றிருக்கிறது.

போன வாரம் டீக்கடை வாசலில் சைக்கிளை விட்டு இறங்கும்போது விழுந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே. கூட ஓட்டும் திட்டக்குடி பாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்ணா, எல்லாரும் காலப் பின்னால போட்டு எறங்குறாங்க, நீங்க மட்டும் முன்னால தூக்குறீங்களே?" என்றான். நானும் சிரித்து வைத்தேன்.

வூட்டில் நிற்கும் என் பழைய சைக்கிளுக்கு அவ்வப்போது காற்றடித்து வை. வெயிலில் நிறுத்தாதே. மங்கலம்பேட்டை ஜாபர் பாய் ஊருக்கு வருகிறார், திரும்பும்போது அவரிடம் வறுத்த முந்திரி கொடுத்தனுப்பு. இந்தக் கடிதத்தையும் பாய்தான் கொண்டுவருகிறார், கிளம்ப அவசரப்படுத்துகிறார்.

பாரியிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். ஊரில் உன்னை வேலைக்கு செராமிக் கம்பெனி வாசலில் விடும்போது, காலைப் பின்னால் வீசினால் உன்மேல் பட்டுவிடும் என்று முன்னால் தூக்கித்தானே இறங்குவேன்? இந்த சைக்கிளில் கேரியரே இல்லை. காலுக்கு அது இன்னும் தெரியவில்லை.

உன்
டோமினிக்